ஆக்கியோன் பெயர் எங்கே?

நூலொன்று அவையேறுங்கால் அதன் முகப்பில் நின்று சொல்ல வேண்டியவை எவை என்று பவணந்தியார் நன்னூற் பாயிரத்துள் வகுத்துரைத்தார். எட்டுச் செய்திகளை அவர் எண்ணினார். நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் ஏழும் பின்னே நிற்க, அவற்றுக்கெல்லாம் முன்னே முதலிருக்கையில் அவர் அமர்த்தியது ஆக்கியோன் பெயரை! நூலின் பெயருக்கும் முன்னே நூலாசிரியன் பெயர்! எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்னரே இவ்வரிசையை இலக்கணமாக்கி வைத்த இனம் தமிழினம்.

அவ்வினத்தின் இற்றைநிலை என்ன? விடியற்காலைத் தேநீர்க்கடை முதல் நள்ளிரவுக் கோயிற்கொடை வரை தமிழ்நாட்டில் பாட்டு ஒலியாத நாழிகை இல்லை. பேருந்தில் பாட்டு, மணவீட்டில் பாட்டு, கையடங்கிய பேசியில் பாட்டு. "இதைப் பாடியவர் யார்?" என்று கேட்டால் பத்துப் பேர் விடை சொல்வர். "இசையமைத்தவர் யார்?" என்றால் எண்மர் சொல்வர். "நடித்தவர் யார்?" என்றால் பால்மணம் மாறாப் பிள்ளையும் சொல்லும். "எழுதியவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் வானத்தைப் பார்ப்பார். ஒருவர் தமக்குத் தெரிந்த ஒரே பாவலர் பெயரைச் சொல்வார். மற்றவர் அவருடன் சண்டைக்கு நிற்பார்.

பொருநையாற்றின் கரையிலுள்ள திருவைகுண்டமும் இதற்கு விலக்கன்று. குமரகுருபரர் பிறந்த ஊர் அது. கந்தர் கலிவெண்பாவை இயற்றியவர் யார் என்றால் அவ்வூர்ப் பள்ளிச் சிறுவன் இமைப்பொழுதில் விடை சொல்வான். நீதிநெறிவிளக்கம் யாருடையது என்றாலும் தடுமாறான். அவர் பெயரால் ஒரு கல்லூரியே அங்கு நடக்கின்றது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பாட்டுக்கு ஆசிரியன் பெயரைத் தவறாது சொல்லும் அவ்வூரே, ஐம்பது ஆண்டுக்கு முற்பட்ட பாட்டுக்கு ஆசிரியன் பெயரைச் சொல்ல இயலாது கட்சி பிரிந்து வழக்காடுகின்றது. இஃது ஓர் ஊரின் குறையன்று, காலத்தின் குறை. அக்குறையின் வேரைக் காண்பதே இவ்வாசிரியவுரையின் நோக்கம்.

வழக்கு எதைப் பற்றியது என்பதை முதலிற் சொல்ல வேண்டும். தென்பாண்டிக் கடற்கரைக்கும் ஈழத்துக்கும் இடையே கடல் இருப்பினும் காற்றுக்குக் கடல் தடையில்லை. இலங்கை வானொலியின் தமிழொலிபரப்பு ஒரு தலைமுறைக் காலம் நெல்லைச் சீமையின் வீடுதோறும் ஒலித்தது. அதன் வழியாகவே ஈழத்துத் துள்ளிசையும் இங்குக் கரையேறிற்று. போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்ற பைலா என்னும் ஆட்டப்பாட்டுச் சாயலில், சிங்களமும் தமிழும் அடுத்தடுத்து வாழும் தீவில் கிளைத்த இசை அது. அதனைத் தமிழகத்தில் பரப்பியவர்களுள் தலையாயவர் ஏ.இ. மனோகரன். 'சிலோன் மனோகர்' என்று அழைக்கப்பட்டவர், துள்ளிசை வேந்தர் என்று கொண்டாடப்பட்டவர், திரைப்படங்களிலும் நடித்தவர். 2018ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 22ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

அவர் மறைந்தபின்னும் அவர் பாட்டுகள் மறையவில்லை. மெல்லிசை மேடைகளில் இன்றும் அவர் பெயர் சொல்லிப் பாடுகின்றனர். அங்கேதான் சொற்போர் தொடங்குகின்றது. 'சின்ன மாமியே' என்னும் பாட்டு மனோகரனுடையது என்பர் ஒரு சாரார். அன்று, அது நித்தி கனகரத்தினத்தினுடையது என்பர் மற்றொரு சாரார். 'சுராங்கனி' மனோகரனுடையது என்பர் சிலர். இல்லை, அது திரைப்படப் பாட்டு என்பர் வேறு சிலர். ஒவ்வொருவரும் தத்தம் நினைவையே சான்றாகக் காட்டுவர். "என் தந்தை அப்படித்தான் சொன்னார்" என்பது ஒருவர் சான்று. "ஒலிநாடாவின் அட்டையில் அவர் படம் இருந்தது" என்பது மற்றொருவர் சான்று. குரலுயர்த்திப் பேசியவர் வென்றதாகக் கூட்டம் கலையும். உண்மை வென்றதா என்று யாரும் கேட்பதில்லை.

உண்மை இதுதான். 'சின்ன மாமியே' என்னும் பாட்டை எழுதி, மெட்டமைத்து, பாடியவர் ஈழத்துத் துள்ளிசையின் முன்னோடிகளுள் ஒருவராகிய நித்தி கனகரத்தினம். 'சுராங்கனி'யோ சிங்கள மொழியில் எழுந்த பைலாப் பாட்டு. மனோகரன் குரலால் கடல் கடந்து புகழ்பெற்றது. அதன் மெட்டும் தொடக்கமும் 1977ஆம் ஆண்டு 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழ்த் திரைப்படத்தில் இளையராசா இசையில் இடம்பெற்றன. மலேசியா வாசுதேவன் அதிற் பாடினார். திரைப்படத்தின் வழியாக முதன்முதல் அதைக் கேட்டவர்க்கு அது திரைப்பாட்டு. வானொலியின் வழியாகக் கேட்டவர்க்கு அது மனோகரன் பாட்டு. இருவரும் பொய் சொல்லவில்லை. தத்தம் காதுக்கு வந்த வழியைச் சொல்கின்றனர். வந்த வழி வேறு, பிறந்த இடம் வேறு என்பதை மட்டும் அவர்கள் மறந்தனர்.

பொருநையாற்றின் கரையில் வாழ்வோர்க்கு இதனை விளக்க நெடும்பேச்சு வேண்டா. அவ்வாற்றின் குறுக்கே நிற்கும் எட்டு அணைக்கட்டுகளுள் கடைசியானது திருவைகுண்டத்தில் உள்ளது. அங்கிருந்து பிரியும் கால்வாய்களின் நீர்தான் கடைமடை வயல்களை நனைக்கின்றது. வயலுக்குள் மடைவழியே நீர் பாய்வதைக் கண்ட உழவன், "இந்நீரை ஈன்றது இம்மடை" என்று சொல்வானா? சொல்லான். மடை இல்லையேல் நீர் வயலுக்கு வாராது என்பதை அவன் அறிவான். நீர் பிறந்தது பொதியமலையில் என்பதையும் அறிவான். மடைக்கு உரிய நன்றி மடைக்கு. மலைக்கு உரிய நன்றி மலைக்கு. பாடகன் மடை, பாட்டாசிரியன் மலை. மனோகரனைப் போற்றுவதற்கு நித்தி கனகரத்தினத்தை மறக்க வேண்டுவதில்லை. நித்தி கனகரத்தினத்தின் உரிமையைச் சொல்வதற்கு மனோகரனைத் தூற்ற வேண்டுவதும் இல்லை. மக்கள் மாற்றிச் சொன்ன பிழைக்கு மறைந்த பாடகர் பொறுப்பாளி ஆகார்.

ஈழத்துப் பாட்டுக்கு மட்டும் நேர்ந்த கேடன்று இது. தமிழ்த் திரைப்பாட்டு முழுமைக்கும் இக்கேடு நேர்ந்துள்ளது. 1963இல் வெளிவந்த 'கற்பகம்' படத்தின் பாட்டுகளை எழுதியவர் வாலி. 1964இல் வெளிவந்த 'படகோட்டி'யின் பாட்டுகளை எழுதியவரும் அவரே. 1967இன் 'இருமலர்கள்' படப்பாட்டுகளும் அவருடையனவே. ஆயினும் இவற்றுள் பலவற்றைக் கண்ணதாசன் எழுதியவை என்று உறுதிமொழியிட்டுச் சொல்வோர் இன்றும் ஊர்தோறும் உளர். "நல்ல பாட்டென்றால் கண்ணதாசன்" என்று ஒரு வாய்பாடு அவர்கள் நெஞ்சிற் பதிந்துவிட்டது. கண்ணதாசன் 1981இல் மறைந்தார். வாலி 2013இல் மறைந்தார். இருவருமே இன்று வந்து தம் பாட்டைத் தாமே பிரித்துச் சொல்லப் போவதில்லை. பிறன் பாட்டைத் தன் பெயரில் ஏற்றுக்கொள்ள வேண்டிய வறுமை கண்ணதாசனுக்கு இல்லை. தன் பாட்டை இழக்க வேண்டிய குற்றம் வாலி செய்யவும் இல்லை. அன்பின் மிகுதியால் ஒருவர்க்குச் செய்யப்படும் சிறப்பு மற்றொருவர்க்கு இழைக்கப்படும் கொடுமையாகி விடுகின்றது. புகழ் மிக்கவன் பெயர் காந்தம் போன்றது. அருகிலுள்ள சிறுபெயர்களை எல்லாம் அது தன்பால் இழுத்துக் கொள்ளும். அதனைத் தடுத்து நிறுத்த வல்லது சான்று ஒன்றே.

பெயர் நிற்பதால் என்ன பயன்? பாட்டு நன்றாயிருந்தால் போதாதா? இப்படிக் கேட்போர் உளர். அவர்கட்கு விடை திருவைகுண்டத்துக்கு அடுத்த ஊரிலேயே இருக்கின்றது. இன்று ஆழ்வார்திருநகரி எனப்படும் அவ்வூரின் பழம்பெயர் திருக்குருகூர். அங்குத் தோன்றிய நம்மாழ்வார் தம் திருவாய்மொழியிற் பதிகந்தோறும் இறுதிப் பாட்டில் தம் ஊரையும் பெயரையும் பதித்து வைத்தார். ஆயிரம் பாட்டுள் இவை இத்தனை என்ற எண்ணையும் சேர்த்தே வைத்தார். தற்பெருமைக்காகச் செய்தாரா? அன்று. அதன் பயன் பின்னர் வெளிப்பட்டது.

காலப்போக்கில் அவர் பாட்டுகள் வழக்கொழிந்தன. வைணவ மரபு கூறும் செய்தி இது: காட்டுமன்னார்கோயிலில் இருந்த நாதமுனிகள், ஆங்கு வந்தோர் சிலர் குடந்தைத் திருமாலைப் பாடும் பத்துப் பாட்டுகளை இசைக்கக் கேட்டார். அவற்றின் இறுதிப் பாட்டிலே குருகூர்ச் சடகோபன் என்னும் பெயரும், ஆயிரத்துள் இப்பத்து என்னும் கணக்கும் இருந்தன. "பத்து இங்கிருக்க, எஞ்சிய பாட்டுகள் எங்கே?" என்று அவர் கேட்டார். பாடியவர்க்கு விடை தெரியவில்லை. ஆனால் பாட்டுக்கு விடை தெரிந்திருந்தது! பெயரும் ஊரும் அதனுள்ளேயே இருந்தனவே! அப்பெயரைப் பற்றிக்கொண்டு அவர் பொருநைக் கரைக்கு வந்தார், குருகூரை அடைந்தார். ஆயிரம் தேடி வந்தவர்க்கு நாலாயிரமும் கிடைத்தன என்பது மரபு.

இதனை ஊன்றி எண்ணுக. அப்பத்துப் பாட்டின் இறுதியில் பெயர் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "இனிய பாட்டு, யாரோ பாடியது" என்று நாதமுனிகள் தலையசைத்துவிட்டுப் போயிருப்பார். பத்தும் பத்தாகவே நின்றிருக்கும். பின்னர் அதுவும் அழிந்திருக்கும். ஆக்கியோன் பெயர் என்பது மார்பில் அணியும் பதக்கம் அன்று. இழந்த செல்வத்தைத் தேடிச்செல்லும் வழிக்குக் கைகாட்டி.

பெயர் மறைந்தால் எப்படியிருக்கும் என்பதற்கும் தமிழே சான்று தருகின்றது. கழக நூல்களில் அமைந்த பாட்டுகள் 2381 என்பர். பாடிய புலவர் 473 பேர் என்பர். ஆசிரியர் பெயர் தெரியாப் பாட்டுகள் 102. பெயர் தெரியாத புலவர் சிலர்க்கு, அவர்தம் பாட்டிலுள்ள அழகிய தொடரையே பெயராகச் சூட்டினர் தொகுத்தோர். செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார், குப்பைக்கோழியார், மீனெறிதூண்டிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்பன அத்தகையன. தாய்தந்தையர் இட்ட பெயர் காற்றிற் கரைந்தது. ஆயினும் "பெயரில்லாதவன் பாடியது" என்று எழுத அத்தொகுப்பாளர்க்குக் கை வரவில்லை. பாட்டிலிருந்தே ஒரு பெயரை வார்த்தெடுத்து, பாட்டின் அடியிலே பொறித்துவிட்டுத்தான் அவர்கள் எழுத்தாணியைக் கீழே வைத்தனர். ஈராயிரம் ஆண்டு முன்னைப் புலவனுக்குக் காட்டிய அம்மதிப்பை, நேற்றுப் பாடிய பாவலனுக்குக் காட்டாதது இற்றைத் தமிழன் வெட்க வேண்டிய செய்தி அன்றோ?

பிறன் பாட்டைத் தன் பாட்டாகச் சொல்வோனைக் குறிக்கப் பாட்டியல் நூலார் 'கள்ளக்கவி' என்றொரு பெயரே வைத்தனர். பொன்னைத் திருடியவனுக்குரிய சொல்லைப் பாட்டைத் திருடியவனுக்கும் ஈந்தனர். இன்றைய நிலையிலோ திருடுவோன் எவனும் இல்லாமலே திருட்டு நடக்கின்றது. அசட்டையே திருடன்.

இனி, மறுப்புரைகளையும் பார்ப்போம்.

"மெட்டு முதலில் வருகின்றது, சொல் பின்னர் வருகின்றது. ஆகவே பாட்டு இசையமைப்பாளருடையதே" என்பது ஒரு மறுப்பு. எது முன், எது பின் என்பது வினைமுறை. எது யாருடையது என்பதற்கு அது விடையாகாது. வீட்டுக்குச் சுவர் முன்னே எழும்பிற்று என்பதனால் கூரை வேய்ந்தவனுக்குப் பெயரில்லை என்று எவரும் சொல்லார். 2017ஆம் ஆண்டில், தம் இசையில் அமைந்த பாட்டுகளை இசைவு பெறாது மேடையிற் பாடலாகாது என்று இளையராசா, பாடகர் எசு.பி. பாலசுப்பிரமணியத்துக்கு அறிவிப்பு விடுத்தார். பாடியவர்க்கா, இசையமைத்தவர்க்கா என்று நாடே இரண்டுபட்டு வழக்காடிற்று. எழுதியவர்க்கு என்ன பங்கு என்று கேட்ட குரல் எத்தனை? பாலசுப்பிரமணியம் 2020 செப்டம்பர் 25ஆம் நாள் மறைந்தார். வழக்காடல் மட்டும் மறையவில்லை. 2024 ஏப்பிரலில், இளையராசா பாட்டுகளின் உரிமை பற்றிய மற்றொரு வழக்கின்போது, சொல் இல்லாமற் பாட்டு ஏது என்னும் கருத்துப்பட வினா எழுப்பியது சென்னை உயர்முறைமன்றம். அதன் பின்னரே, பாட்டில் மூன்றாமவர் ஒருவர் உளர் என்பது பலர்க்கு நினைவு வந்தது. பாவம், பாட்டாசிரியன்! தன் பாட்டுக்குத் தானே மூன்றாமவன் ஆனான்!

"நாட்டுப்பாட்டுக்கு ஆசிரியன் ஏது? அது ஊர்ச்சொத்து; எடுப்பவர் எடுக்கலாம்" என்பது மற்றொரு மறுப்பு. இதற்கு விடை சொன்னவர் நெல்லைச் சீமையினர் ஒருவரே. நாங்குநேரியிற் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை, 1964இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். ஏற்றம் இறைப்போர், நாற்று நடுவோர், பிள்ளையைத் தாலாட்டுவோர், மாண்டவர்க்கு ஒப்பாரி வைப்போர் ஆகியோர் பாட்டுகள் அதில் அச்சேறின. ஆசிரியன் பெயர் தெரியாத அப்பாட்டுகளின் அடியில் என்ன செய்தார்? சேகரித்துத் தந்தவர் பெயரையும், கிடைத்த ஊரின் பெயரையும் பொறித்தார். பாடினோர் பெயர் தெரியாதபோது ஊர்ப்பெயரையாவது இழக்கவிடாத நேர்மை அது. ஆசிரியன் பெயர் தெரியவில்லை என்பது அவனை மறப்பதற்கு உரிமைச் சீட்டு அன்று. தெரிந்த அளவையேனும் சொல்ல வேண்டிய கடமைச் சீட்டு.

இக்கடமை தவறியபோது எழுந்த பெருஞ் சொற்போரை அண்மையில் தமிழுலகம் கண்டது. 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' என்னும் பாட்டு வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. பாட்டின் முகப்பில் ஆங்கிலம் ஏறி அமர்ந்தது வருந்தத்தக்கதே. ஆயினும் அதன் உள்ளீடு, ஈழத்து மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, நிலமற்றவராய்த் திரும்பிய தமிழரின் கண்ணீர். அதனை எழுதிய பாவலர் அறிவு, தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அதனை எடுத்தார். அவ்வாண்டு ஆகத்தில் ஓர் ஆங்கில இசையிதழ் தன் அட்டையில் பாடகி தீயின் படத்தையும் வேறொரு பாடகர் படத்தையும் இட்டது. அறிவின் படம் அதில் இல்லை. 2022 சூலை 28ஆம் நாள், சென்னையில் நடந்த உலகச் சதுரங்கப் போட்டித் தொடக்க விழாவில், தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அப்பாட்டைப் பாடினர். அறிவு மேடையில் இல்லை. பின்னர், அதனை எழுதியதும் இயற்றியதும் தாமே என்று அறிவு வெளிப்படையாக எழுதினார். அது கூட்டுழைப்பின் விளைவு என்று இசையமைப்பாளர் சந்தோசு நாராயணன் விடையிறுத்தார். அறிவின் பங்கைத் தாம் எங்கும் மறைத்ததில்லை என்று தீயும் எழுதினார். இம்மூவருள் எவர் பக்கம் எவ்வளவு முறை உள்ளது என்று தீர்ப்புக் கூறுவது இவ்வுரையின் வேலையன்று. ஆனால் ஒன்று தெளிவு. தொடக்க நாளிலிருந்தே ஒவ்வோர் இதழிலும், ஒவ்வொரு மேடையிலும் "எழுதியவர் இன்னார், மெட்டமைத்தவர் இன்னார், பாடியவர் இன்னார்" என்று தனித்தனியே பெயர் கூறப்பட்டிருக்குமாயின், இச்சண்டைக்கு இடமே இருந்திராது. சொல்லப்படாத பெயர்தான் சண்டையாக வெடிக்கின்றது.

பெயரிழப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த ஒரு வரலாறு காட்டும். சாலமன் இலிண்டா என்பவர் சூலு இனத்துப் பாடகர், எளிய தொழிலாளி. 1939இல் சொகன்னசுபர்க்கு நகரில் 'எம்பூபே' என்னும் தம் பாட்டை இசைத்தட்டிற் பதிந்தார். எம்பூபே என்றால் அவர் மொழியில் அரிமா. அதன் உரிமைக்கு அவர் பெற்றது பத்துச் சில்லிங்கு மட்டுமே. அப்பாட்டு அமெரிக்கா சென்றது. அங்கொரு குழுவினர் அதைப் பாடிப் பதிந்தபோது, ஆசிரியன் பெயராகப் 'பால் காம்பெல்' என்று இட்டனர். அப்பெயரில் மாந்தன் எவனும் இல்லை. அது குழுவினர் புனைந்த பெயர்! இல்லாதவனுக்குப் பெயர் கிடைத்தது, இருந்தவனுக்குக் கிடைக்கவில்லை. 1961இல் ஆங்கிலச் சொற்கள் ஏறி அப்பாட்டு உலகப்புகழ் பெற்றது. 1962இல் இலிண்டா வறுமையில் இறந்தார். 1994இல் அமெரிக்கக் கருத்துப்படம் ஒன்றிலும் அப்பாட்டு ஒலித்தது. அவர் மக்கள் வழக்காடி, 2006இல்தான் உடன்பாடு ஒன்று ஏற்பட்டுப் பயன் கண்டனர். பாட்டு கோடிகளை ஈட்டியது. பாடிய புலவன் குடும்பம் கூழுக்கு அலைந்தது. பெயர் போனால் பொருளும் பின்னே போகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

சட்டம் என்ன சொல்கின்றது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன் 57ஆம் பிரிவு, ஆசிரியன் தன் படைப்பின் உரிமையைப் பிறர்க்கு விற்றுவிட்ட பின்னரும், "இது என் படைப்பு" என்று சொல்லும் உரிமையை அவனிடமே விட்டு வைக்கின்றது. 2012இல் நிறைவேறிய திருத்தம், பாட்டாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் திரைக்கு வெளியே வரும் வருவாயிற் பங்குண்டு என்று உறுதிசெய்தது. நன்று. ஆனால் அதே சட்டத்தின் 52அ பிரிவைப் பாருங்கள். ஒலிப்பதிவு ஒன்றை வெளியிடுவோர் அதன்மேல் எவற்றைப் பொறிக்க வேண்டும் என்று அது கூறுகின்றது: ஒலிப்பதிவு செய்தவர் பெயரும் முகவரியும், உரிமையாளர் பெயரும் முகவரியும், முதல் வெளியீட்டு ஆண்டும். பாட்டை எழுதியவன் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று அப்பிரிவிற் காணோம்! தட்டை அழுத்தியவன் முகவரி வேண்டும். சொல்லை ஈன்றவன் பெயர் வேண்டா! பவணந்தியார் முதலில் வைத்ததைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை இச்சட்டம்.

இங்கே உரிமை வேறு, பெயர் வேறு என்பதைத் தெளிய வேண்டும். உரிமை பொருள்; விற்கலாம், வாங்கலாம், நாட்டுக்கே ஈயலாம். திருவைகுண்டத்துக்கு வடக்கே எட்டயபுரத்திற் பிறந்த பாரதியின் பாட்டுரிமையை, அவர் மறைந்து இருபத்தெட்டு ஆண்டுகட்குப் பின் 1949இல் அரசு பெற்றது. பின்னர் அது மக்கள் உடைமையாயிற்று. இன்று யாரும் அவர் பாட்டைப் பாடலாம், அச்சிடலாம். எவருக்கும் காசு தர வேண்டுவதில்லை. அதனால் அவர் பெயர் அழிந்ததா? மாறாக, ஊரூராய் வளர்ந்தது. பாட்டைப் பொதுவாக்கலாம், பெயரைப் பொதுவாக்கலாகாது. காசு கொடுக்க இயலாத ஏழை மெல்லிசைக் குழுவும் பெயர் கொடுக்க இயலும். பெயர் சொல்லப் பொருட்செலவில்லை. நா அசைந்தால் போதும்.

ஆகவே தமிழன்பர் செய்ய வேண்டியவை சிலவுள. கோயிற்கொடையிலும் மணவிழாவிலும் மெல்லிசைக் குழுவை அமர்த்துவோர், "ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னே எழுதியவர் பெயரைச் சொல்லுக" என்று முன்பணம் தரும்போதே கூறிவிட வேண்டும். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படத்தின் பெயரோடும் பாடியவர் பெயரோடும் எழுதியவர் பெயரையும் சேர்த்துச் சொன்னதனால் அன்றோ, ஒரு தலைமுறைத் தமிழர்க்குப் பாட்டாசிரியர் பெயர்கள் தெரிந்திருந்தன! அன்று திரையரங்கு வாயிலிற் சிறு காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் எழுதியவர் பெயரைத் தாங்கி வந்தன. அவற்றைப் பரணிற் போட்டு வைத்திருப்போர் கறையானுக்கு இரையாக்காது நூலகங்களுக்கு ஈய வேண்டும். வழக்காடலில் குரலினும் வலிய சான்று அந்நைந்த தாளே.

பள்ளி ஆண்டுவிழாவிற் பிள்ளைகள் ஆடும் பாட்டுக்கும் ஆசிரியர்கள் பெயர் சொல்லிப் பழக்க வேண்டும். பாடப்பகுதியிலுள்ள செய்யுளுக்கு ஆசிரியர் பெயரை ஒப்பிக்காவிடில் மதிப்பெண் குறைக்கும் பள்ளி, மேடையேறும் பாட்டுக்குப் பெயர் கேளாதிருத்தல் முரண் அன்றோ? பாட்டுகளைக் கைப்பேசி வழியே வழங்கும் நிறுவனங்கள் பாடகர் பெயரைப் பெரிதாக இட்டு, எழுதியவர் பெயரை ஒதுக்கியோ ஒழித்தோ விடுவதைக் கண்டித்து எழுத வேண்டும். ஒலிப்பதிவின்மேற் பாட்டாசிரியன் பெயரையும் பொறிக்க வேண்டும் என்று 52அ பிரிவைத் திருத்தக் கோர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "இது இன்னார் பாட்டு" என்று சொல்லுமுன், சான்று கண்டு சொல்லும் ஒழுக்கம் ஒவ்வொருவர் நாவிலும் ஏற வேண்டும். தெரியாவிடின் "தேடிச் சொல்வேன்" என்பதே பெருமை. தெரிந்த பெரும்பெயரை ஒட்டி வைப்பது சிறுமை.

மறைந்த பாடகனுக்காகவும் பாவலனுக்காகவும் இளைஞர் சண்டையிடுவதை இகழ வேண்டா. எவருடையது என்று கேட்கும் வேட்கை இன்னும் அணையவில்லை என்பதற்கு அச்சண்டையே சான்று. அவ்வேட்கையை விருப்பு வெறுப்பின் வழியே விடாது, சான்றின் வழியே செலுத்துதல் கற்றோர் கடன். மொழி காற்றில் வாழ்வதன்று. அதனை ஆண்ட மாந்தரின் வாயில் வாழ்வது. ஆண்டவன் பெயரை மறந்த வாய், நாளடைவில் அவன் சொல்லையும் மறக்கும். சொல்லை மறந்த செவிக்கு மெட்டு மட்டும் போதும். மெட்டு மட்டும் போதுமெனில் எம்மொழிச் சொல்லும் அதில் ஏறி அமரலாம். தமிழ்ப்பாட்டுக்குள் வேற்றுச்சொல் புகும் வாயில், பாட்டாசிரியன் பெயர் வெளியேறிய வாயிலே என்பதைத் தமிழன்பர் மறவாதிருப்பாராக!

பாட்டைக் கேண்மின், சுவைமின், பாடியவனைப் போற்றுமின், இசைத்தவனை வாழ்த்துமின். அவற்றுக்கெல்லாம் முன்னே, ஆக்கியோன் பெயரைக் கேண்மின்!